கொட்டகை புரொஜக்டரை மறுபடி ஓட வைத்த பதினொரு மாதங்கள்

எங்கள் ஊர் தியேட்டரை இடிக்கப் போகிறார்கள் என்ற செய்தி வந்த காலையில் நான் ஒரு போர்வெல் மோட்டாருக்குக் காயில் சுற்றிக்கொண்டிருந்தேன். செய்தி கொண்டுவந்தவர் காயலான் கடைக்காரர். "இரும்பெல்லாம் நான்தான் எடுக்குறேன். மேல கேபின்ல மிஷின் கெடக்கு. மோட்டார் நல்லாருந்தா உங்களுக்கு வேணுமா?" என்றார். சுற்றிக்கொண்டிருந்த கம்பியை அப்படியே விட்டுவிட்டு அவர் வண்டியிலேயே ஏறிப் போனேன்.

மதுரையிலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரம் எங்கள் ஊர். முதலில் டென்ட், பிறகு கீற்று, அதற்குப் பிறகு ஆஸ்பெஸ்டாஸ் என்று கூரை மாறிக்கொண்டே வந்தாலும் ஊருக்கு அது கடைசிவரை 'கொட்டகை'தான். சாயங்காலம் ஒலிபெருக்கியில் பாட்டுப் போட்டால் தோட்டத்தில் தண்ணீர் பாய்ச்சுகிறவர்கள் மடையை அடைத்துவிட்டுக் கிளம்புவார்கள். பாட்டு நின்று மணி அடித்தால் ஓட்டமும் நடையுமாக வருவார்கள்.

எங்களைப் போன்ற சிறுவர்களுக்குக் கேபினின் பின்சுவர்தான் முக்கியம். ஆபரேட்டர் வீசும், மிஷின் விளக்கில் எரிந்து மிஞ்சிய கார்பன் குச்சித் துண்டுகளும் அறுந்த ஃபிலிம் துண்டுகளும் அங்கேதான் விழும். ஃபியூஸ் போன குண்டு பல்பின் உட்பகுதியை ஆணியால் தட்டி எடுத்துவிட்டுத் தண்ணீர் நிரப்பினால் அதுதான் லென்ஸ். முகம் பார்க்கும் கண்ணாடியை வெயிலில் சாய்த்துப் பிடித்தால் அதுதான் விளக்கு. அப்பாவின் வேட்டி திரை. ஃபிலிமைத் தலைகீழாகப் பிடிக்க வேண்டும் என்று யாரும் சொல்லித் தரவில்லை. ஆட்கள் தலைகீழாக நடந்ததைப் பார்த்ததும் கை தானாகத் திருப்பிக்கொண்டது. மோட்டார் தொழிலுக்கு நான் வந்ததற்கும் அந்தச் சுவரோரம்தான் காரணம் என்று நம்புகிறேன்.

கேபினுக்குப் போகும் இரும்புப் படியில் இரண்டு படி உளுத்துப்போயிருந்தது. உள்ளே சுவரில் நான்கு துவாரங்கள். மிஷினுக்கு ஒன்று, ஆபரேட்டர் எட்டிப் பார்க்க ஒன்று என்று இரண்டு ஜோடி. ஒவ்வொன்றின் மேலும் சங்கிலியில் தொங்கும் இரும்புத் தகடு. தீப்பிடித்தால் சங்கிலியின் இணைப்பு உருகித் தகடுகள் தானாக விழுந்து துவாரத்தை மூடிவிடும். ஃபிலிம் ஒரு காலத்தில் எத்தனை ஆபத்தான சரக்கு என்பதை அந்தத் தகடுகள் இன்றும் சொல்கின்றன. மூலையில் மணல் வாளி, வாளிக்குள் எலி வளை. சுவரெல்லாம் பென்சில் குறிப்புகள்: பெட்டி வந்த நேரம், எத்தனை ரீல், எந்த ரீலில் எத்தனை ஒட்டு. பக்கத்து ஊரோடு ஒரே பிரிண்டைப் பங்கு போட்டு, ஓடி முடிந்த ரீலைச் சைக்கிளில் கொடுத்தனுப்பிய நாட்களின் கணக்கும் அதில் இருந்தது. அந்தச் சுவரைப் பெயர்த்தெடுக்க முடியவில்லை. எல்லாவற்றையும் போட்டோ எடுத்துக்கொண்டேன்.

மிஷின் ஒன்றுதான் முழுதாக இருந்தது. இன்னொன்றின் தலைப்பகுதி, அதாவது ஃபிலிமை இழுத்து ஓட்டும் பகுதி, எப்போதோ பக்கத்து ஊர் தியேட்டருக்கு ஸ்பேராகப் போய்விட்டதாம். ஸ்டாண்டும் லேம்ப் ஹவுஸ் என்ற விளக்குக் கூடும் மட்டும் நின்றன. பெயர்த்தகட்டையும் யாரோ கழற்றியிருந்தார்கள். கிலோ கணக்கில் பேசி முழு மிஷினை வாங்கினேன். காயலான் கடைக்காரர் தராசில் வைத்தபோது ஒரு முறை தலையைக் கையால் தடவினார். அவரும் அங்கே தரை டிக்கெட்டில் படம் பார்த்தவர்தான். ஒரு பெட்டி நிறைய ஸ்லைடு கண்ணாடிகளுக்கும் இடைவேளை மணிக்கும் அவர் காசு வாங்கவில்லை.

இதையெல்லாம் ஏன் இழுத்துப்போட்டுக்கொண்டேன் என்று வீட்டில் கேட்டார்கள். ஒன்பதாவது படிக்கும்போது அப்பா என்னை மதுரைக்குக் கூட்டிப்போய்த் தங்கம் தியேட்டரில் படம் காட்டினார். 1952 தீபாவளிக்கு 'பராசக்தி'யோடு திறந்த தியேட்டர். 2,500க்கும் மேற்பட்ட இருக்கைகள், ஆசியாவிலேயே பெரியது என்று ஊரே பெருமையடித்துக்கொண்ட கட்டடம். பால்கனியிலிருந்து கீழே பார்த்தபோது திருவிழாக் கூட்டத்தை மேலிருந்து பார்ப்பதுபோல் இருந்தது. இன்று அந்த இடத்தில் துணிக்கடை. சென்னையில் 1961இல் திறந்த சாந்தி போயிற்று. கோவையில் 1914இல் சாமிக்கண்ணு வின்சென்ட் கட்டிய வெரைட்டி ஹாலின் பெயர் சாலைப் பெயராகவே மிஞ்சியிருக்கிறது. அவர் திருச்சி ரயில்வேயில் வரைவாளராக இருந்தவர். 1905இல் டூபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடம் புரொஜக்டரும் சில படங்களும் வாங்கி ஊர் ஊராக டென்ட் போட்டுக் காட்டியவர். தென்னாட்டில் ஊர் ஊராகப் படம் காட்டும் தொழில் பரவியதில், ஒரு மனிதர் ஒரு மிஷினை விலைக்கு வாங்கியதற்குப் பெரிய பங்கு உண்டு. கட்டடத்தைக் காப்பாற்ற என்னிடம் பணமும் இல்லை, பலமும் இல்லை. இடித்தவர்களைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை. பன்னிரண்டு வருடம் படமே ஓடாத இடத்துக்கு வரி கட்டியவர்கள் அவர்கள். மிஷின் என் கைக்கு அடங்கும். கைக்கு அடங்குவதைச் செய்யலாம் என்று இறங்கினேன்.

ஆபரேட்டர் அண்ணனைத் தேடிப் போனேன். எழுபத்தைந்து வயதை நெருங்குகிறார். பேரன் வைத்திருக்கும் பெட்டிக்கடையில் உட்கார்ந்திருந்தார். மிஷின் என் பட்டறையில் இருக்கிறது என்றதும் ஒன்றும் பேசாமல் செருப்பை மாட்டிக்கொண்டு வந்தார். தார்ப்பாயை விலக்கியவுடன் அவர் செய்த முதல் காரியம் கைச்சக்கரத்தை இரண்டு விரலால் மெல்லத் திருப்பிப் பார்த்தது. அசையவில்லை. நான் ஸ்பேனரை எடுத்தேன். "ஸ்பேனரக் கீழ வைங்க தம்பி. இது எறங்கிப் போகல, எண்ணெய் காஞ்சு கட்டிக்கிச்சு. முறுக்குனா ஃபைபர் பல்லு போயிரும்" என்றார்.

அவர் சொன்னது முழு உண்மை. பல வருடம் ஓடாத எண்ணெய் மிஷினுக்குள் புளியங்கொட்டைப் பசை மாதிரி இறுகியிருந்தது. தலையைக் கழற்றிப் பெரிய அலுமினியத் தட்டில் மண்ணெண்ணெய் ஊற்றி ஐந்து நாள் ஊறப் போட்டோம். தினமும் காலையில் அண்ணன் வந்து கைச்சக்கரத்தைத் தொட்டுப் பார்ப்பார். மூன்றாம் நாள் ஒரு பல் அளவு நகர்ந்தது. ஐந்தாம் நாள் ஒரு முழுச் சுற்று. தலைக்குள் பற்சக்கரங்களை எஃகும் ஃபைபரும் மாற்றி மாற்றிப் போட்டிருக்கிறார்கள். இரும்பும் இரும்பும் உரசினால் கேபின் சத்தம் தியேட்டருக்குள் கேட்கும், அதற்காக. ஒரு ஃபைபர் சக்கரத்தில் நான்கு பல் உடைந்திருந்தது. மதுரையில் மில்லிங் பட்டறையில் ஹைலம் என்ற கெட்டி ஃபைபர் தகட்டைக் கொடுத்து, பழைய சக்கரத்தையே அளவாக வைத்து வெட்டி வாங்கினேன். முதல் தடவை பல்லின் ஆழம் கொஞ்சம் குறைந்து இறுக்கமாக உட்கார்ந்தது. மறுபடி போய்ச் சீவி வாங்கி வர ஒரு மாதம் ஆனது.

தலையின் உயிர் ஸ்டார் பெட்டி. படம் திரையில் ஓடுகிறது என்று சொல்கிறோமே தவிர, ஃபிலிம் ஓடுவதில்லை. நின்று நின்று குதிக்கிறது. எண்ணெயில் மூழ்கிய ஒரு பெட்டிக்குள் சுற்றும் சக்கரத்தில் ஒரு ஊசி. அது நான்கு பள்ளம் கொண்ட நட்சத்திரத்தின் ஒரு பள்ளத்தில் நுழைந்து கால் சுற்றுத் தள்ளிவிட்டு வெளியே வரும். மீதி முக்கால் சுற்று நேரமும் நட்சத்திரம் அசையாமல் பூட்டிக்கிடக்கும். அந்த நட்சத்திரத்தோடு சேர்ந்து, ஃபிலிம் ஓட்டைகளில் பல் மாட்டி இழுக்கும் ஸ்ப்ராக்கெட் உருளைக்கு 16 பல். கால் சுற்றுக்கு 4 பல், ஒரு ஃப்ரேமுக்கு ஃபிலிம் ஓரத்தில் 4 ஓட்டை. கச்சிதமாக ஒரு படம் இறங்கும், நிற்கும். எனக்கு அதைப் பிரித்துப் பார்க்க ஆசை. அண்ணன் விடவில்லை. "இது தங்க ஆசாரி வேலை. தொறந்து மூடுனா படம் ஆடும்." பழைய எண்ணெயை வடித்தோம், கருப்பட்டிப் பாகு நிறத்தில் வந்தது. மெல்லிய எண்ணெயால் இரண்டு முறை அலசிவிட்டுப் புதிதாக ஊற்றி, கசிந்த இடத்தில் மட்டும் புது கேஸ்கெட் வைத்தோம். ஸ்ப்ராக்கெட்டை விரலால் ஆட்டிப் பார்த்தபோது ஒரு மயிரிழைகூட ஆடவில்லை. அதற்கு மேல் அங்கே கை வைக்கக் கூடாது என்பது எனக்கே புரிந்தது.

மோட்டார் என் சொந்தத் தொழில், அதனால் அதைப்பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். கால் ஹெச்.பி., ஒரு ஃபேஸ், 4 போல். காயில் வெந்திருந்தது. சுற்றை எண்ணி எழுதிக்கொண்டு, அதே கேஜ் கம்பியில் சுற்றி, வார்னிஷ் போட்டு உலர்த்தி, பேரிங்கும் கெபாசிட்டரும் மாற்றினேன். ஒரு சங்கதி மட்டும் என்னை அன்றிரவு தூங்க விடவில்லை. மோட்டார் தகட்டில் 1440 என்று வேகம் போட்டிருந்தது. இந்த எண்ணை முப்பது வருடமாகத் தினமும் பார்க்கிறேன். நம் கரண்ட்டில் 4 போல் மோட்டார் சுமையோடு ஓடினால் ஏறக்குறைய அந்த வேகம்தான். அண்ணன் விரல் விட்டு ஒரு கணக்குச் சொன்னார். நொடிக்கு 24 ஃப்ரேம், நிமிடத்துக்கு 1440. வெளிச்சத்தை மறைத்து மறைத்துத் திறக்கும் ஷட்டர் ஒரு ஃப்ரேமுக்கு ஒரு சுற்று, ஸ்டார் பெட்டியின் ஊசிச் சக்கரமும் ஒரு ஃப்ரேமுக்கு ஒரு சுற்று, எல்லாம் 1440. போர்வெல்லும் மாவு மில்லும் ஓடும் அதே எண்ணில்தான் கொட்டகையும் ஓடியிருக்கிறது! மாட்டி ஓட்டி டேக்கோமீட்டர் வைத்துப் பார்த்தேன், 1440க்குக் கொஞ்சம் மேலே. பாட்டு ஒரு நூலளவு ஏற்றமாகக் கேட்கும், அவ்வளவுதான்.

அடுத்தது ஃபிலிம் போகும் பாதை. விளக்கு வெளிச்சம் ஃபிலிமில் விழும் சன்னலுக்குக் கேட் என்று பெயர். அந்தக் கேட்டின் தண்டவாளங்களில் பழைய ஃபிலிம்களின் மேல்பூச்சு உரசி உரசிக் கெட்டித்துக் கறுப்புப் பொருக்காக நின்றது. அதைக் கவனிக்காமல் நான் அவசரப்பட்டு ஒரு டிரெய்லர் துண்டைப் போட்டு ஓட்டினேன். மூன்று நொடியில் பதினைந்து இருபது ஓட்டைகள் கிழிந்தன. மனம் கசந்துபோயிற்று; அந்தத் துண்டு இனிக் கிடைக்காத ஒன்று. அண்ணன் திட்டவில்லை. மூங்கிலை உளி மாதிரி சீவிக் கொடுத்தார். கேட்டைக் கத்தியாலோ இரும்பாலோ சுரண்டினால் கீறல் விழும், அந்தக் கீறல் பிறகு ஓடும் ஒவ்வொரு படத்தின் மேலும் கோடு போடும். மூங்கில் சீவலும் ஸ்பிரிட்டும் வைத்துச் சுரண்டி முடிக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் போனது. நகத்தால் தடவினால் கண்ணாடி மாதிரி வழுக்கும்வரை அவர் திருப்தியாகவில்லை.

ஃபிலிமைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பழைய ரீல் கிடைத்தவர்கள் உடனே மாட்டி ஓட்டிப் பார்க்கத்தான் நினைப்பார்கள். கேபினில் நான்கு தகர டப்பா இருந்தது. முதலில் ஃபிலிமின் ஓரத்தில் 'சேஃப்டி' என்று ஆங்கிலத்தில் அச்சிட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். 1950களின் தொடக்கம்வரை வந்த நைட்ரேட் ஃபிலிம் பற்றிக்கொண்டால் தண்ணீர் ஊற்றினாலும் அணையாது. அப்படி ஒன்று கையில் சிக்கினால் வீட்டில் வைக்கவே கூடாது. எங்களுடையவை எல்லாம் சேஃப்டி. ஆனால் ஒரு டப்பாவைத் திறந்ததும் காடி வாடை மூக்கைத் துளைத்தது. அசிடேட் ஃபிலிம் புழுக்கத்தில் கிடந்தால் தன்னைத் தானே அரித்துக்கொண்டு அந்தப் புளிப்பு வாடையை விடும். பக்கத்திலிருக்கும் நல்ல ரீலுக்கும் அது தொற்றும். உடனே தனியாக எடுத்து வைத்தோம். எல்லாவற்றிலும் 100 ஓட்டை நீளத்தை ஸ்கேலில் அளந்தேன். புது ஃபிலிமில் 475 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். காடி வாடை ரீலில் 468தான் இருந்தது. ஒரு சதவீதத்துக்கு மேல் சுருங்கியதை மிஷினில் ஏற்றுவது அதைக் கொல்வதற்குச் சமம். மீதி மூன்றில் ஒன்று மட்டும் நன்றாக இருந்தது. கறுப்பு வெள்ளைப் படம் ஒன்றின் நடு ரீல், 2,000 அடி, ஓட்டினால் இருபத்திரண்டு நிமிடம். முன்னும் இல்லை, பின்னும் இல்லை. அதை இரண்டு நாள் ரீவைண்டரில் மெதுவாகச் சுற்றி, கையுறை போட்ட விரலால் ஓரத்தைத் தடவி, நைந்த ஒட்டுகளைப் பிரித்து மறுபடி ஒட்டினோம். அண்ணனின் கண் மங்கிவிட்டது. விரல் மங்கவில்லை. நான் பார்த்துத் தவறவிட்ட இரண்டு கிழிசலை அவர் தடவிக் கண்டுபிடித்தார்.

விளக்குக்கு வந்தபோதுதான் இருவருக்கும் வாக்குவாதம். லேம்ப் ஹவுஸ் கார்பன் ஆர்க். செம்புப் பூச்சுப் போட்ட இரண்டு குச்சிகள், பாசிட்டிவ் 8 மில்லிமீட்டர், நெகட்டிவ் 7. நெகட்டிவ் கண்ணாடியின் நடுத் துளை வழியாக வரும், பாசிட்டிவ் எதிரே நிற்கும். இரண்டையும் முட்டவிட்டுப் பிரித்தால் பாசிட்டிவின் நுனியில் குழி விழுந்து அதிலிருந்து வெள்ளை வெளிச்சம் பொங்கும். பின்னால் இருக்கும் குழிக் கண்ணாடி அந்த வெளிச்சத்தை அப்படியே அள்ளி ஃபிலிம் கேட்டில் குவிக்கும். புகை கூரைக் குழாய் வழியாகப் போக வேண்டும். கேபினிலிருந்து கிடைத்த கார்பன் பதினான்கு ஜோடி. வாங்குவதற்குக் கடை இல்லை. "கார்பன் இல்லாம அது மிஷினே இல்ல" என்றார் அண்ணன். பதினான்கு ஜோடி தீர்ந்தால் மிஷின் மறுபடி தார்ப்பாய்க்குள் போகும் என்றேன் நான். ஓடாத மிஷினில் எண்ணெய் மறுபடி இறுகும், ரப்பர் காயும், பெல்ட் படியும். வாரத்துக்கு ஒரு முறையாவது ஓட வேண்டும், அதற்கு அன்றாடம் ஏற்றக்கூடிய ஒரு விளக்கு வேண்டும். கடைசியில் ஒரு நிபந்தனையோடு ஒப்புக்கொண்டார்: லேம்ப் ஹவுஸில் ஒரு துளைகூடப் புதிதாகப் போடக் கூடாது.

அதனால் பாசிட்டிவ் கார்பனைப் பிடிக்கும் தாடையிலேயே ஒரு செம்புக் கட்டையைப் பிடிக்க வைத்தேன். அதன் நுனியில், குழி இருந்த அதே இடத்தில், கண்ணாடியைப் பார்த்தபடி 100 வாட் எல்.இ.டி. சிப். செம்புக் கட்டையின் வாலில் கம்ப்யூட்டர் கூலரும் சிறு ஃபேனும். இரண்டு திருகைத் தளர்த்தினால் முழுவதும் வெளியே வந்துவிடும், கார்பனை மாட்டிவிடலாம். கண்ணாடியில் செம்புத் துளி தெறித்த புள்ளிகள் நிறைய இருந்தன. அவற்றைத் தொடவில்லை. பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரும் பஞ்சும் வைத்துத் தூசியை மட்டும் எடுத்தேன்.

வெளிச்சம் திரையில் விழுந்தது, ஆனால் துடித்தது. நொடிக்கு நான்கைந்து முறை மங்கி மங்கிப் பிரகாசித்தது. மோட்டாரைச் சந்தேகப்பட்டேன், பெல்ட்டைச் சந்தேகப்பட்டேன். இரண்டு வாரம் கழித்துத்தான் கணக்கு உறைத்தது. மலிவான எல்.இ.டி. டிரைவர், நம் 50 சைக்கிள் கரண்ட்டில் நொடிக்கு 100 முறை லேசாகத் துடிக்கும். வெறும் கண்ணுக்குத் தெரியாது. ஷட்டருக்கு இரண்டு இறக்கை. நொடிக்கு 48 முறை வெளிச்சத்தை விடும். 48ஐ இரட்டித்தால் 96. நூறுக்கும் தொண்ணூற்றாறுக்கும் உள்ள அந்த இடைவெளிதான் திரையில் நான்கு துடிப்பாகத் தெரிந்திருக்கிறது. சுத்தமான டி.சி. தரும் டிரைவர் வாங்கிப் போட்டதும் வெளிச்சம் குளத்துத் தண்ணீர் மாதிரி நின்றது. கார்பன் ஆர்க்குக்கு டி.சி.யைத் தேடிப் போனவர்களுக்கு இது அந்தக் காலத்திலேயே தெரிந்திருக்கும்.

நல்ல ரீலை முதல்முறை ஏற்றியபோது எழுத்து அட்டை ஒன்று வந்தது. வெள்ளை எழுத்துகளின் தலையிலிருந்து மேல்நோக்கி வால் நீண்டது, புகை கிளம்புவது மாதிரி. லென்ஸைத் திருகிப் பார்த்தேன், மாறவில்லை. அண்ணன் நாற்காலியை விட்டு எழாமலே சொன்னார்: "ஷட்டர் பிசகிருக்கு." ஃபிலிம் குதித்து இறங்கும் நேரத்தில் ஷட்டர் இறக்கை வெளிச்சத்தை மறைத்திருக்க வேண்டும். ஒரு மணி நேரம் படம் பார்த்தால் ஏறக்குறைய அரை மணி நேரம் இருட்டில்தான் உட்கார்ந்திருக்கிறோம், அது தெரியாமல் இருப்பதுதான் இந்த மிஷினின் முழுத் திறமையும். நான் மாட்டியதில் இறக்கை கொஞ்சம் முன்னால் பின்னால் இருந்ததால் ஃபிலிம் நகர்வது எட்டிப் பார்த்துவிட்டது. கைச்சக்கரத்தைத் திருப்பி, ஸ்ப்ராக்கெட் சரியாகப் பாதித் தூரம் நகர்ந்த நிலையில் நிறுத்தி, ஷட்டர் திருகைத் தளர்த்தி, இறக்கையின் நடுப்பகுதி கேட்டை மறைக்கும்படி வைத்து இறுக்கினோம். இந்த முறை வால் கீழ்நோக்கி வந்தது, அதிகமாகத் திருப்பிவிட்டேன். பாதி பின்னால் வந்ததும் எழுத்து கல்வெட்டு மாதிரி நின்றது.

ஒலி இருக்கிறதே, அதற்குத் தனியாக ஒன்றரை மாதம். படத்துக்கு ஓரமாக ஓடும் ஒலிக் கோட்டின் மீது ஒரு குட்டி பல்ப் மெல்லிய கீற்றாக வெளிச்சம் போடும், மறுபக்கம் போட்டோ செல் அதன் ஏற்ற இறக்கத்தைக் கரண்ட்டாக மாற்றும். பழைய செல் செத்திருந்தது. அதன் இடத்தில் சிறு சோலார் செல் ஒன்றை வெட்டி ஒட்டி, ஒரு சின்ன ஆம்ப்ளிஃபயரில் கொடுத்தேன். பல்புக்கு முதலில் டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து நேராக ஏ.சி. கொடுத்துவிட்டேன், வண்டு பறப்பது மாதிரி இரைந்தது. டி.சி. ஆக்கியதும் இரைச்சல் போய்க் குரல் வந்தது. குரல் வந்தாலும் உதடு ஒரு பக்கம், பேச்சு ஒரு பக்கம். ஒலியைப் படிக்கும் இடம் கேட்டுக்குக் கீழே இருப்பதால், பிரிண்ட் போடும்போதே ஒலியை 20 ஃப்ரேம் முன்னால் தள்ளித்தான் பதிந்திருப்பார்கள். கேட்டுக்குக் கீழே ஃபிலிமைத் தளர்வாக வளைத்து விடும் லூப்பின் அளவு அந்தக் கணக்குக்குச் சரியாக இருக்க வேண்டும். நான் தாராளமாக லூப் விட்டிருந்தேன். அண்ணன் இரண்டு விரலை உள்ளே விட்டு அளந்து, மூன்று ஃப்ரேம் குறைத்தார். திரையில் ஒரு அம்மா மகனைக் கடிந்துகொள்ளும் காட்சி. உதட்டோடு ஒட்டிக்கொண்டு சொல் வந்தது. பட்டறைப் பையன்கள் இருவரும், மிஷின் சரியான சந்தோஷத்தில் அல்ல, காட்சிக்காக, அழுதுவிட்டார்கள்.

ஸ்லைடு பெட்டியைப் பற்றிச் சொல்லாமல் விட மாட்டேன். மொத்தம் அறுபத்து மூன்று கண்ணாடி. ஊர் ஜவுளிக் கடை, சைக்கிள் கடை, பல்பொடி என்று கையால் வண்ணம் தீட்டிய விளம்பரங்கள். 'முன் சீட்டில் கால் வைக்காதீர்', 'புகை பிடிக்காதீர்', 'இடைவேளை'. ஒன்றில் மட்டும் மசி பூசி, கம்பியால் கீறி எழுதியிருந்தது: ஒருவர் பெயர், 'உடனே வெளியே வரவும்'. வீட்டில் பிரசவமோ, மரணமோ, ஊரிலிருந்து ஆள் வந்ததோ, படத்துக்கு நடுவே இப்படித்தான் கூப்பிடுவார்கள். கடைசியாகக் கூப்பிட்டவரின் பெயர் அழியாமல் கண்ணாடியிலேயே நின்றுவிட்டது. அந்தப் பெயருக்குரியவர் எங்கள் தெருக்காரர், இப்போது இல்லை. அந்த ஸ்லைடை மட்டும் யாரும் துடைக்கக் கூடாது என்று தனி உறையில் போட்டு வைத்திருக்கிறேன். மற்றவற்றை உலர்ந்த மென்தூரிகையால் மட்டும் தூசி தட்டினேன். தண்ணீர் பட்டால் வண்ணம் கரையும். ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் பிடித்துப் போட்டோவும் எடுத்தாகிவிட்டது.

பதினோராவது மாதம், தை மாதத்து ஒரு சனிக்கிழமை இரவு, கார்பனில் ஒரு முறை ஓட்டினோம். பட்டறையின் பின்சுவருக்கு வெள்ளையடித்து, சுற்றிலும் ஒரு முழம் கறுப்பு அடித்திருந்தேன். கறுப்பு ஓரம் இல்லாவிட்டால் படம் திரையிலிருந்து வழிந்த மாதிரி இருக்கும். ஆர்க்குக்கு டி.சி. தரும் ரெக்டிஃபையருக்குப் பதில் வெல்டிங் ரெக்டிஃபையரை 60 ஆம்பியரில் வைத்தேன். எங்கள் பட்டறையில் மூன்று ஃபேஸ் இருப்பது கைகொடுத்தது. புகைக்குத் தகரக் குழாயும் எக்ஸாஸ்ட் ஃபேனும். தெருவிலிருந்து நாற்பது பேருக்கு மேல் வந்து பாயில் உட்கார்ந்தார்கள். காயலான் கடைக்காரர் குடும்பத்தோடு வந்திருந்தார். பழைய மணியை அவர் பேத்தி அடித்தாள்.

அண்ணன் வெள்ளைச் சட்டை போட்டு வந்தார். கறுப்புக் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே குச்சிகளை முட்டவிட்டுப் பிரித்தார். 'சர்ர்' என்று ஒரு சத்தம், பிறகு அமைதியான எரிதல். அந்த வெளிச்சத்தை எல்.இ.டி.யோடு ஒப்பிட மாட்டேன், இரண்டும் வேறு. கார்பனுக்கு ஒரு மூச்சு இருக்கிறது. இருபத்திரண்டு நிமிடமும் அவர் திருகைத் திருப்பிக் குச்சிகளின் இடைவெளியைக் காத்தார், குழந்தைக்குச் சோறு ஊட்டும் கவனத்தோடு. கிழவர் ஒருவர் பாயிலிருந்து, "கூரை இல்லேன்னாலும் கொட்டகைதான்பா" என்றார்.

ரீல் முடிய எட்டு நொடி இருக்கும். திரையின் வலது மேல் மூலையில் ஒரு புள்ளி மின்னி மறைந்தது. அடுத்த மிஷினின் மோட்டாரைப் போடு என்பதற்கான குறி அது. பார்வையாளர்கள் யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். அண்ணனின் இடது கை தானாக நீண்டு, பக்கத்தில் எதுவும் இல்லாத இடத்தில் ஒரு சுவிட்சைத் தேடியது. இரண்டாவது புள்ளி மின்னியது. அவர் கால் தரையில் எதையோ மிதித்தது. திரை வெறும் வெள்ளையானது. ஃபிலிமின் வால் ஸ்பூலில் பட்டுப் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. நான்தான் ஓடிப்போய் மோட்டாரை நிறுத்தினேன்.

கூட்டம் போன பிறகு கார்பனை எண்ணினோம். பதின்மூன்று ஜோடி மீதி. அண்ணன் மிஷினைத் துடைத்துக்கொண்டே கேட்டார், "நம்ம ரெண்டாவது மிஷின் தலை பக்கத்து ஊருக்குப் போச்சுன்னு சொன்னாங்களே, அந்தத் தியேட்டரு இருக்கா?" தியேட்டர் இப்போது நெல் குடோன் என்றும், கேபினை இன்னும் யாரும் திறக்கவில்லை என்றும் கேள்விப்பட்டிருக்கிறேன். சாவி வைத்திருப்பவரின் வீடு அவருக்குத் தெரியுமாம். வருகிற புதன்கிழமை இருவரும் போகிறோம். மண்ணெண்ணெய் இரண்டு லிட்டர் வாங்கி வைத்துவிட்டேன்.